திண்ணைக்கு வெளியே: தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா

தஞ்சாவூர்க்காரர்கள் எழுதிய கதைகளில் மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற இடங்களை யாராவது ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும். திண்ணை வரும். படித்துறை வரும். கோயில் பிரகாரம், காப்பி ஓட்டல், ரேழி, கொல்லைப்புறம், ரயிலடி எல்லாம் வரும். பூங்கா வராது. வந்தாலும் மனசில் நிற்கிற மாதிரி வராது. கு.ப. ராஜகோபாலன், மௌனி, தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, எம்.வி. வெங்கட்ராம் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், நான் படித்த வரையில் நிலைமை இதுதான். காவிரியையும் அதன் கரையையும் அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர்கள், தாங்கள் பிறப்பதற்கு முன்பே ஜில்லாவின் தலைநகரில் போட்டிருந்த ஒரு பொதுத் தோட்டத்தைப் பார்க்காமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு உட்கார வேறு இடம் இருந்தது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பெரிய கோயிலுக்கு வடபுறம், நாயக்கர் காலத்துச் சின்னக் கோட்டை மதிலுக்குள், சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருக்கிறது அந்தத் தோட்டம். 1871-72ல் தஞ்சாவூர் முனிசிபாலிடி ஏற்படுத்தியது. அன்று வைத்த பெயர் பீப்பிள்ஸ் பார்க். இன்று சிவகங்கைப் பூங்கா என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். குளம் தோட்டத்தைவிட மிகவும் பழையது. தண்ணீர் தித்திப்பு என்று பெயர் வாங்கியது. மழைத் தண்ணீர் சேவப்ப நாயக்கன் ஏரியில் தங்கித் தெளிந்து இந்தக் குளத்துக்கு வரும். இங்கிருந்து பூமிக்கடியில் போட்ட நீர்வழியில் மேல வீதியின் ஐயன்குளம் வரைக்கும் போகும். குளத்துக்குக் கிழக்கே ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1779ல் கட்டிய கிறிஸ்துநாதர் ஆலயம். அதற்குள் ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய ஒரு பளிங்குப் பலகை: சாகக்கிடக்கிற பாதிரியாரின் கையை சரபோஜி பற்றிக்கொண்டு நிற்கிறார். சிவன் கோயில், லுத்தரன் பாதிரியின் ஆலயம், நாயக்கன் மதில் மூன்றும் ஒரே கூப்பிடு தூரத்தில். டூரிஸ்ட் புத்தகங்கள் இதைச் சமரசம் என்று எழுதும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூன்றும் மூன்று அதிகாரங்கள். நடுவில் இருக்கும் தோட்டம்தான் இங்கே வேடிக்கையான விஷயம்.

வேலை நாட்களில் மாலை ஆறு மணிக்கு நான் அங்கே போவதுண்டு. சொல்லிக்கொள்ளும்படியான அழகு இல்லை. வெளியூர்க்காரர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குப் போகிறார்கள். நடுவில் இது இருப்பதைக் கவனிப்பதில்லை. பிள்ளைகள் குட்டி ரயிலுக்கு அடம் பிடிக்கும். ரிடையரான இரண்டு பேர் பென்ஷன் அரியர்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்த ஒரு கிராமத்து அம்மாள், தூக்குவாளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மர நிழலில் தூங்குவாள். ஒரு பையனும் பெண்ணும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் யாரும் யாரையும் "எந்தத் தெரு?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். "எந்த ஊர்?" என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னவுடன் "அங்கே எந்தத் தெரு?" என்று வரும். இரண்டாவது பதிலில் நீங்கள் யார் என்பது முடிவாகிவிடும். பூங்காவில் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. பல சமயம் அதுவும் இல்லை. இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுத உத்தேசம்.

டெல்டா நிலம் கணக்கிலேயே பிறந்து கணக்கிலேயே வளர்ந்த நிலம். வங்கியில் பயிர்க்கடன் மேஜையில் நாலு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். சிட்டாவும் அடங்கலும் வரும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று ஒரு சொல் இருந்தாக வேண்டும். வடக்கே வடவாற்றையும் வெண்ணாற்றையும் தாண்டிவிட்டால் நெல் விளைகிற ஒரு சாண் இடத்தைக்கூட யாரும் சும்மா விட்டதில்லை. நிழல்கூட அங்கே விரோதி. நடவு வயலின் மேல் மர நிழல் விழுந்தால் அந்த மூலையில் பயிர் நோஞ்சானாகிவிடும். வரப்போரத்துக் கிளையைக் கழித்துவிடுவார்கள். ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பச்சைப் பரப்பாகத் தெரிவது உண்மையில் ஒரு தொழிற்சாலையின் தரை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973ல் கிராமத்தையும் நகரத்தையும் பற்றி எழுதிய புத்தகத்தில் இங்கிலீஷ் பிரபுக்களின் காட்சியழகைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: உழைப்பைக் கண்ணிலிருந்து மறைத்தால்தான் நிலம் காட்சியாகிறது. குனிந்து நாற்று நடுகிறவளுக்கு வயல் ஒருநாளும் காட்சியாக இருந்ததில்லை.

இந்தக் கணக்குப் புத்தியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பெரிய கோயிலின் சுவரிலேயே அது எழுதியிருக்கிறது. 1010ல் முடிந்த கோயிலுக்கு ராஜராஜன் விட்டுக்கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள், ஊரின் மொத்த அளவைச் சொல்லி, அதிலிருந்து வரி இல்லாத நிலங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், களம், கன்றுமேய்பாழ், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. பிற்காலத்துப் புறம்போக்கின் மூதாதை இந்தப் பட்டியல்தான். நொபொரு கராஷிமா முதலான சரித்திர ஆசிரியர்கள் இதை வைத்துச் சோழர் கால ஊரின் படத்தையே வரைந்திருக்கிறார்கள். எனக்கு இதில் கண்ணில் குத்துவது வேறு. சில ஊர்களில் சுடுகாடே இரண்டாக வருகிறது. பறையர் சுடுகாடு தனி. ஆக, வரிக்கு வெளியே ஊர் உபயோகத்துக்கு விட்ட நிலம் இருந்திருக்கிறது, எல்லோருக்குமாக விட்ட நிலம் இருந்ததில்லை. கன்று மேய இடம் ஒதுக்கினார்கள். பிணம் எரிய ஒதுக்கினார்கள். மனிதன் வேலை இல்லாமல் உட்கார ஒதுக்கவில்லை.

வரிக்கணக்குக்கு வெளியே போனது என்பதுதான் புறம்போக்கு என்பதன் பொருள். அதை வசவாக மாற்றிக்கொண்டவர்கள் நாம். 2017ல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டு அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் யாரையாவது புறம்போக்கு என்று கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

பழைய இலக்கியத்தில் தோட்டங்களே இல்லையா என்று புலவர்கள் கேட்பார்கள். உண்டு. இதே காவிரியின் கடைமுகத்தில், புகாரிலேயே ஐந்து. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையில், பூப்பறிக்கப் போகவேண்டிய பெண்ணுக்காகச் சுதமதி அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். இலவந்திகையில் அரசனின் பரிவாரம் இருக்கும். உய்யானம் தேவர்களுக்கு, பூதம் காவல் காக்கிறது. சம்பாதி வனத்திலும் கவேர வனத்திலும் அணங்கு பிடிக்கும். மிச்சம் உவவனம், அது புத்தருடையது. ஐந்துக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். அந்த ஐந்தாவதில் போய் நின்றால் உதயகுமரன் தேரில் வந்து இறங்குகிறான். பெண் பளிக்கறைக்குள் ஒளிய வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்குப் பெண் தனியாகப் போவதில் உள்ள சிக்கலைச் சாத்தனார் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். பெஞ்சின் கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பளிக்கறை ஞாபகம் வரும்.

பீப்பிள்ஸ் பார்க் என்ற பெயர் தஞ்சாவூர் மண்ணில் முளைத்தது இல்லை. 1833ல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று, தொழில் நகரங்களில் ஏழைகளுக்குக் காலாற நடக்க இடமில்லை என்று அறிக்கை கொடுத்தது. நடக்க இடம் கொடுத்தால் சாராயக் கடைக்குப் போகமாட்டார்கள் என்கிற, நல்லெண்ணமும் பயமும் சரிபாதி கலந்த யோசனை. 1847ல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் பூங்கா திறந்தது. 1850ல் அதைப் பார்த்துவிட்டுப் போன ஓம்ஸ்டெட் பின்னால் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரானார். சென்னைக்கு இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். 1859ல் கவர்னராக வந்து, அடுத்த வருஷமே திரும்பக் கூப்பிடப்பட்டவர். இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்து 116 ஏக்கரில் அவர் திட்டமிட்டதும் பீப்பிள்ஸ் பார்க்தான். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைப் படியால் அளந்து கொடுத்தார் என்று அயர்லாந்தில் இன்றும் சபிக்கப்படுகிற அதே டிரெவெல்யன். ஒரே ஆள் ஒரு கையால் கஞ்சியைக் குறைக்கவும் இன்னொரு கையால் தோட்டம் போடவும் முடிந்திருக்கிறது. இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது. இரண்டுமே மக்களைத் திருத்துவதற்காக.

அந்தச் சென்னைத் தோட்டம் என்ன ஆயிற்று என்பது தனிக்கதை. விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து கடித்துக்கொண்டு போயின. மக்கள் பெயரில் இருக்கிற நிலத்தைக் கடிப்பது சுலபம். தடுக்க எந்த மக்களும் பத்திரத்தோடு வரமாட்டார்கள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கித் தங்கள் ஐரோப்பாவைக் கண்டுபிடித்த நம் முன்னோடிகள், மக்கள் பூங்காவின் ஒரு துண்டின் மேல் நின்றுகொண்டுதான் பொறுக்கினார்கள். 1985ல் அதுவும் எரிந்துபோயிற்று.

தஞ்சாவூரில் கதை இன்னும் விசித்திரம். 1799 உடன்படிக்கையிலேயே நாடு கம்பெனிக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும். 1855ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் செத்தபோது அதையும் எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைக் கதவுகளுக்கு முத்திரை வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். ராஜாங்கத்துச் சொத்து ஒன்று, ராஜாவின் சொந்தச் சொத்து ஒன்று, இரண்டாவதைத் தொட இவர்கள் யார் என்பது வாதம். 1859ல் பிரிவி கவுன்சில் சொன்ன பதில் உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற பதில்: ஓர் அரசு அரசாக இருந்து செய்த காரியத்தை எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது. சரி தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி என்றார்கள். பின்பு 1862ல் சொந்தச் சொத்தை ராணிகளுக்குத் தயவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சொந்தம் எது, பொது எது என்று தஞ்சாவூரில் கேட்டதற்குக் கிடைத்த முதல் நவீன பதில் இப்படி இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே ஊரில், கோட்டை மதிலுக்குள்ளேயே ஒரு தோட்டத்துக்கு மக்கள் பெயரை வைத்தார்கள்.

எந்த மக்கள்? முனிசிபாலிடி 1866ல் வந்தது. 1871ல் நகர அபிவிருத்திச் சட்டம் வந்தது. கவுன்சிலர்கள் சர்க்கார் நியமித்தவர்கள், தலைமை கலெக்டர். தேர்தல் என்று சொல்லத் தக்கது 1882ல் ரிப்பனுடைய தீர்மானத்துக்கு அப்புறம்தான், அதுவும் வரி கட்டுகிறவர்களுக்குள். அந்தத் தோட்டத்தில் முதல் பத்திருபது வருஷங்கள் உலாவியிருக்கக் கூடியவர்களை ஊகிப்பது கஷ்டமில்லை. கோர்ட் வேலை முடிந்த வக்கீல்கள், டெபுடி கலெக்டர் வேலையிலிருந்து பென்ஷன் வாங்கியவர்கள், ஊருக்கு வந்த மிராசுதார்கள். 1861லிருந்தே நாகப்பட்டினத்துக்கு ரயில் இருந்தது. வந்து போவது சுலபம்.

வராதவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போகலாம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில், அதாவது இந்தத் தோட்டத்துக்குப் பத்து வருஷம் முன்னால் அச்சானது. மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர் அவர். மிராசு என்றால் என்ன என்று பக்கத்து வீட்டிலேயே பார்த்தவர். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு ஆளை அவர் உள்ளே கொண்டுவந்தார்: வேதியர், நந்தனின் ஆண்டை. நந்தன் கேட்பது நிலம் இல்லை, கூலி இல்லை. ஒரு நாள். சிதம்பரம் போய்வர ஒரு நாள். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. பக்தர்கள் இதைப் பக்தியின் சோதனையாகப் பாடுகிறார்கள். எனக்கு இது ஓய்வைப் பற்றி டெல்டா எழுதிக்கொண்ட முதல் நூல். போகிற இடத்துக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் பொது. தில்லை அம்பலத்தைப் பொது என்றே பாடியிருக்கிறார்கள். அந்தப் பொதுவுக்குள் போக நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் விமர்சகன் சேர்க்க ஒன்றும் இல்லை.

ஆகவே 1871ல் வைத்த பெயர் வெறும் பெயர்தான். அது எப்போது நிஜமாகத் தொடங்கியது என்பதற்கு ஒரு தேதி வேண்டுமென்றால் நான் 1924ஐச் சொல்வேன். அந்த வருஷம் சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம், சர்க்கார் ஆபீஸ், ஜனங்கள் கூடுகிற பொது இடம் எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் போகலாம், வரலாம், அனுபவிக்கலாம். இதைப் படிக்கிற எவரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். பொது இடத்தில் எல்லோரும் போகலாம் என்று ஒரு சட்டசபை தனியாகத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. அப்படியானால் அதுவரைக்கும் பொது என்று எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்? மேற்கே வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே வருஷம் இது. வைக்கத்தின் பெயர் பாடப்புத்தகத்தில் வருகிறது. சீனிவாசனின் தீர்மானத்தை நம் சரித்திரக்காரர்கள் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் தேசபக்தியும் இல்லை, நாடகமும் இல்லை; ஒரு மனிதன் சட்டசபையில் எழுந்து நின்று பாதையையும் குளத்தையும் பற்றிப் பேசினான், அவ்வளவுதான்.

பக்கத்துக் கோயில் இன்னும் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டது. 1939ல், மதுரையில் வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் நடத்திய அதே வருஷம், அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலரான மூத்த இளவரசர் ராஜாராம் ராஜா தன் பொறுப்பிலிருந்த 90 கோயில்களைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். பெரிய கோயிலும் அதில் ஒன்று. காந்தி பாராட்டியதைக் கோயிலில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மதில் இடைவெளியில், வாசலில் சாதி கேட்க விதியில்லாத ஒரு தோட்டம் அதற்கு முன்பே 67, 68 வருஷம் இருந்துவிட்டது. கோயில் திறந்ததற்குக் கல் இருக்கிறது. தோட்டம் திறந்து கிடந்ததற்கு ஒன்றும் இல்லை.

திறந்து கிடப்பதும் போதாது, போக நேரம் வேண்டும். பண்ணையாளுக்கு ஏது மாலை? 1952ல் ராஜாஜி சர்க்கார் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்தது கம்யூனிஸ்ட் விவசாயச் சங்கத்தின் பத்து வருஷப் போராட்டம். சவுக்கடி, சாணிப்பால் என்று நாம் இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிற விஷயங்கள் அன்று தினசரி நடப்பு. அந்தச் சட்டம் பூங்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ஆனாலும் இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மரத்தடியில் தூங்குகிற அம்மாளுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. அவளுடைய அம்மா தஞ்சாவூருக்கு வந்திருந்தால் யாரிடமாவது உத்தரவு கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பாள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பூங்கா நம் ஊர்களில் எல்லாம் ஒரு முன்னேற்றச் சின்னமாயிற்று. சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யில் இதை ஒரு தீர்க்கமான கிண்டலோடு பார்த்திருக்கிறார். நன்றாக இருந்த காற்றாடிமரத் தோப்பை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பூங்கா வைக்கிறார்கள். நாகர்கோவிலைப் பற்றி அது சரி. நிஜமான நிழலை அழித்துவிட்டுத் திட்டமிட்ட நிழலைக் கொண்டுவருகிற மூடத்தனம் அங்கே நடந்தது. தமிழில் பூங்காவைப் பற்றி நமக்கு இருக்கிற ஒரே பெரிய இலக்கிய அபிப்பிராயம் இதுதான் என்பதால், பூங்கா என்றாலே போலி, தோப்பு என்றாலே அசல் என்று ஒரு வாய்ப்பாடு நம்மிடம் வந்துவிட்டது. தோப்புக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்பதை வாய்ப்பாடு மறந்துவிடுகிறது. தஞ்சாவூரில் தென்னந்தோப்புக்குள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள்.

நம்முடைய திண்ணைப் பிரேமையும் இந்த ஜாதிதான். திண்ணை வழிப்போக்கனுக்காகக் கட்டியது என்று பேசுவதில் நமக்கு ஒரு பரவசம் இருக்கிறது. எந்த வழிப்போக்கன், எந்தத் தெரு வழியாக வந்தவன் என்று கேட்டுவிட்டால் பரவசம் வடிந்துவிடும். படித்துறைகளும் அப்படியே, ஒரே ஆறு, தெருவுக்கு ஒரு துறை. ஜானகிராமனைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அவர் தனக்குத் தெரிந்த படித்துறையில் நின்றுகொண்டு தமிழ் உரைநடையில் தண்ணீரின் ஓசையைக் கொண்டுவந்தார், அது போதும். பழுது அவருக்குப் பின்னால் வந்து அந்தப் படித்துறையைத் தொலைந்துபோன சொர்க்கமாக்கிய விமர்சகர்களிடம் இருக்கிறது. தஞ்சை ப்ரகாஷ் (1943-2000) அந்தச் சொர்க்கத்தை மதிக்கவில்லை. 'கரமுண்டார் வூடு' மாதிரி எழுத்துகளில் தஞ்சாவூர் திண்ணையை விட்டு இறங்கிவிட்டது. வேறு வாசல், வேறு பாஷை, வேறு உடம்பு. அவரைப் படிக்கும்போது வருகிற மூச்சுமுட்டலை அவருடைய கலைக்குறை என்று சொன்ன நண்பர்களை எனக்குத் தெரியும். மூச்சுமுட்டியது யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

2014ல் தஞ்சாவூர் மாநகராட்சி ஆயிற்று. ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பூங்காவைப் புதுப்பிக்கிறோம் என்று சில வருஷங்கள் பூட்டிப் போட்டார்கள். அங்கே இருந்த மான்களைக் கோடியக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள், மான்களுக்கு நல்லதுதான். உள்ளே போகச் சீட்டு உண்டு. சின்னத் தொகை. சின்னத் தொகை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்குகிறவர்கள். பூங்கா என்றால் ஏதாவது நடக்க வேண்டும், தண்ணீர் துள்ள வேண்டும், விளக்கு மாற வேண்டும் என்று நினைக்கிற காலம் இது. ஒன்றும் நடக்காத இடம் என்பதுதான் அதன் உபயோகம் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? டெண்டர் விட முடியாத விஷயம்.

சிவகங்கைப் பூங்காவில் ஆரம்பித்து அங்கேயே முடிகிற ஒரு கதையைப் படிக்க எனக்கு ஆசை. அதில் வருகிறவர்களுக்குத் தெருப் பெயர் இருக்கக்கூடாது. வம்சம், தளிகை, பேச்சுவழக்கு இவற்றை வைத்து யார் என்று வாசகன் கண்டுபிடித்துவிடவும் கூடாது. தஞ்சாவூர்க் கதைக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான், ஏனென்றால் நம் பாத்திரங்கள் பாதி உயிர் பெறுவதே தெருவிலிருந்து. பெயரே இல்லாமல் மனிதர்களை நடமாட விட்டவர் மௌனி ஒருவர்தான். அவரும் கோயில் பிரகாரத்துக்குத்தான் போனார்.